தண்ணீர், குப்பை, வீட்டு வரி: ஜோ ஹிக்கின்ஸ் சொன்னதில் எது நின்றது?

2003 செப்டம்பரில் அயர்லாந்தின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் கவுன்சிலர் ஒருவரும் டப்ளின் மவுண்ட்ஜாய் சிறைக்குப் போனார்கள். குப்பை லாரிகளை மறிக்கக் கூடாது என்ற உயர் நீதிமன்ற உத்தரவை மீறியதற்காக ஆளுக்கு ஒரு மாதம். உறுப்பினர் ஜோ ஹிக்கின்ஸ், கவுன்சிலர் கிளேர் டேலி. இருவரும் அப்போது சோஷலிஸ்ட் கட்சியில் இருந்தார்கள். அடுத்த சில வாரங்களில் டப்ளின் புறநகர்க் குடியிருப்புகளிலிருந்து இன்னும் பலர் அதே காரணத்துக்காக உள்ளே போனார்கள்.

ஹிக்கின்ஸின் அரசியல் உள்ளாட்சியில் தொடங்கியது. 1991இல் மல்ஹடார்ட் பகுதியிலிருந்து கவுன்சிலராகத் தேர்வானார். 1997இல் டப்ளின் மேற்குத் தொகுதியிலிருந்து டாய்ல் எனப்படும் கீழவைக்குப் போனார். உறுப்பினர் சம்பளத்தில் ஒரு சராசரித் தொழிலாளியின் கூலி அளவுக்கு மட்டும் தனக்கு வைத்துக்கொண்டார். பொதுச் சேவைகளைப் பற்றி அவர் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, வருமானத்தைப் பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை வசூலிப்பது அநியாயம். அந்தச் சேவைக்கு உழைப்பவன் ஏற்கெனவே வருமான வரியில் பணம் கட்டிவிட்டான். இரண்டு, ஒரு சேவைக்குத் தனி பில் வந்துவிட்டால் அதைத் தனியாருக்கு விற்பது எளிது. கட்டணம் முதல் படி, விற்பனை அடுத்த படி. முப்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தால் இரண்டாவது வாதம் கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து நடந்திருக்கிறது. முதலாவதில் நியாயம் பெரிது, ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. அதே வாதத்தை வீட்டு வரிக்கும் நீட்டியபோது இடதுசாரிகள் தவறினார்கள் என்பது என் கருத்து. கணக்கோடு சொல்கிறேன்.

இதற்கெல்லாம் வேர் 1977 தேர்தலில் இருக்கிறது. வீடுகள் மீது கவுன்சில்கள் விதித்துவந்த 'ரேட்ஸ்' வரியை ஒழிப்போம் என்று ஃபியானா ஃபாயில் கட்சி வாக்குறுதி கொடுத்துப் பெரும் வெற்றி பெற்றது. 1978இல் அந்த வரி போனது. போன வருமானத்தை ஈடுகட்டுவோம் என்று மத்திய அரசு சொன்னது. கொடுத்த மானியம் செலவோடு சேர்ந்து வளரவில்லை. 1983இல் சட்டம் வந்தது: தண்ணீர், குப்பை போன்றவற்றுக்குக் கவுன்சில்கள் சேவைக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். ஆக, வீட்டின் மதிப்புக்கு ஏற்ப வந்துகொண்டிருந்த வரி போய், பெரிய வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் ஒரே கட்டணம் என்ற முறை உள்ளே நுழைந்தது. இதே காலத்தில்தான் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் செய்யப்படும் தொழிலாளர்கள், 'நாட்டின் வரிச் சுமை எங்கள் தலையில்தானா' என்று 1979இல் டப்ளின் தெருக்களை நிறைத்தார்கள். 'இரட்டை வரி' என்ற கோஷம் அங்கிருந்து வந்தது. ஹிக்கின்ஸ் கண்டுபிடித்ததல்ல, அவர் கையில் எடுத்துக் கூர்தீட்டியது.

1994 ஜனவரியில் டப்ளின் கவுண்டி (மாவட்ட) கவுன்சிலை மூன்றாகப் பிரித்தார்கள்: ஃபிங்கல், தெற்கு டப்ளின், டன் லேரி–ராத்டவுன். புதிய கவுன்சில்கள் தண்ணீர்க் கட்டணம் போட்டன. எதிர்ப்பு இயக்கம் செய்த வேலை மிகச் சாதாரணமானது, அதனால்தான் வென்றது. ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு குழு. கட்டாதவர் வீட்டு இணைப்பைத் துண்டிக்க ஆள் வந்தால் அக்கம்பக்கத்தார் கூடி நிற்பார்கள். நீதிமன்ற சம்மன் வந்தால் இயக்கத்தின் பொது நிதியிலிருந்து வழக்கறிஞர். 1996 ஏப்ரலில் நடந்த டப்ளின் மேற்கு இடைத்தேர்தலில் ஹிக்கின்ஸ் மயிரிழையில் ஃபியானா ஃபாயிலின் பிரையன் லெனிஹனிடம் தோற்றார். தோல்விதான், ஆனால் ஆளும் கூட்டணி பயந்துபோனது. அந்த டிசம்பரிலேயே சுற்றுச்சூழல் அமைச்சர் பிரெண்டன் ஹவ்லின் வீட்டுத் தண்ணீர்க் கட்டணத்தை ஒழிப்பதாக அறிவித்தார். ஈடாக வாகன வரி வருமானம் கவுன்சில்களுக்குத் திருப்பிவிடப்பட்டது.

தண்ணீரில் வென்றவர்கள் குப்பையில் தோற்றார்கள். ஏன் என்பதில்தான் அயர்லாந்து உள்ளாட்சியின் உள்கட்டு தெரிகிறது.

அங்கே கவுன்சிலின் அதிகாரம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டு முடிவெடுக்கும் விஷயங்கள் ஒரு பக்கம்: ஆண்டு பட்ஜெட், வளர்ச்சித் திட்டம், உள்ளூர் விதிகள். மற்ற எல்லாமே நியமிக்கப்பட்ட அதிகாரியின் கையில். முன்பு அவரை மேலாளர் என்றார்கள், 2014க்குப் பிறகு தலைமை நிர்வாகி. இந்த மேலாளர் முறை 1929இல் கார்க் நகரில் தொடங்கி, 1940ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுக்கப் பரவியது. கவுன்சிலர்கள் முரண்டுபிடித்தால் ஒரு அதிகாரத்தை இந்தப் பட்டியலிலிருந்து அந்தப் பட்டியலுக்கு மாற்ற டாய்லில் ஒரு சட்டத்திருத்தம் போதும். குப்பையை எரிக்கும் ஆலைகளை மறுத்துப் பல கவுன்சில்கள் கழிவு மேலாண்மைத் திட்டத்தை நிறைவேற்றாதபோது, 2001இல் அந்த முடிவை மேலாளரிடம் கொடுத்தார்கள். 2003இல் குப்பைக் கட்டணம் எவ்வளவு என்று நிர்ணயிக்கும் அதிகாரமும் போனது. அதே சட்டம், கட்டாதவர் வீட்டுக் குப்பையை எடுக்காமல் விட்டுவிடலாம் என்றும் தெளிவாக்கியது.

தண்ணீருக்கும் குப்பைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தண்ணீரை நிறுத்த வேண்டுமானால் அதிகாரி தெருவுக்கு வந்து மூடியைத் திறந்து வால்வைத் திருக வேண்டும். தடுக்க நேரம் இருக்கிறது. குப்பையை நிறுத்த யாரும் எதுவும் செய்ய வேண்டாம். கட்டியவர் தொட்டியில் அடையாள ஒட்டு இருக்கும், அதை மட்டும் தூக்கிக் கொட்டிவிட்டு லாரி நகர்ந்துவிடும். இரண்டு வாரத்தில் நாற்றம் கட்டாதவரைப் பணியவைக்கும். அதனால் போராட்டக்காரர்களுக்கு லாரியையே மறிப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போனது. லாரியை மறித்தால் நீதிமன்ற உத்தரவு, மீறினால் சிறை.

பிறகு நடந்தது ஹிக்கின்ஸ் சொன்னபடியே நடந்தது. கட்டணம் நிலைபெற்றதும், குப்பை எடுப்பது வருமானமுள்ள தொழிலானது. தனியார் நிறுவனங்கள் கவுன்சில் லாரி போகும் அதே தெருவில் தங்கள் தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தன. வசதியான வீடுகள் அந்தப் பக்கம் போக, கட்டண விலக்கு பெற்ற முதியவர்களும் வருமானம் இல்லாதவர்களும் கவுன்சிலிடம் மிஞ்சினார்கள். நஷ்டம் கூடியது. நஷ்டத்தைக் காரணம் காட்டியே ஒவ்வொரு கவுன்சிலாக வெளியேறியது. 2012 ஜனவரியில் டப்ளின் மாநகர சபை தன் வாடிக்கையாளர்களை கிரேஹவுண்ட் நிறுவனத்துக்குக் கைமாற்றியது. விற்கலாமா வேண்டாமா என்பது கவுன்சிலர்கள் ஓட்டுப் போடும் விஷயமாக இருக்கவில்லை. ஏழைகளுக்கு இருந்த கட்டண விலக்கும் கைமாறிய பின் நிலைக்கவில்லை. 2014 கோடையில் அதே நிறுவனத்தில் ஊதியக் குறைப்பை ஏற்க மறுத்த தொழிலாளர்கள் வாரக்கணக்கில் வாசலில் நின்றார்கள்.

இன்று டப்ளினில் ஒரே தெருவுக்கு வெவ்வேறு நாளில் வெவ்வேறு நிறுவன லாரிகள் வருகின்றன. ஒரு வீட்டுக்குப் பொதுவாக மூன்று தொட்டிகள்: மறுசுழற்சிக்குப் பச்சை, உணவுக் கழிவுக்குப் பழுப்பு, மிச்சத்துக்குக் கறுப்பு (சில இடங்களில் சாம்பல் நிறம்). பில்லில் மூன்று அடுக்கு வரலாம்: ஆண்டுச் சேவைக் கட்டணம், தொட்டியை ஒருமுறை தூக்கக் கட்டணம், கிலோவுக்கு இத்தனை சென்ட். ஒரு நிறுவனம் ஆண்டுக் கட்டணத்தை ஏற்றி எடையைக் குறைக்கும், இன்னொன்று தலைகீழாக. இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் உங்கள் வீட்டுக் கறுப்புத் தொட்டியின் மாத எடை தெரிந்திருக்க வேண்டும். அடுக்குமாடியில் குடியிருப்பவருக்கு அந்தத் தேர்வும் கிடையாது, கட்டட நிர்வாக நிறுவனம் ஒருவரோடு ஒப்பந்தம் போட்டிருக்கும். அயர்லாந்தின் சந்தைப் போட்டி ஆணையமே 2018 அறிக்கையில் இந்தச் சந்தைக்கு ஒரு பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் வேண்டும் என்றது. ஒரே தெருவில் நான்கு லாரி ஓடுவதில் மிச்சப்படுவது எதுவும் இல்லை என்பதற்குப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. காசு கட்ட முடியாதவர் பையில் கட்டிச் சந்து முனையில் போடும் குப்பையை எடுப்பது மட்டும் இன்னும் கவுன்சில் செலவு.

தண்ணீர் 2014இல் மறுபடி வந்தது. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் அயர்லாந்து கடன் வாங்கியபோது ஒப்பந்தத்திலேயே தண்ணீர்க் கட்டணமும் சொத்து வரியும் இடம்பெற்றன. 'ஐரிஷ் வாட்டர்' என்ற அரசு நிறுவனம் 2014 ஜனவரி 1 முதல் கவுன்சில்களிடமிருந்து குழாய்கள், நீர்த்தேக்கங்கள், சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. தன் வார்டில் குழாய் உடைந்தால் கவுன்சிலர் கேள்வி கேட்கும் இடமே மாறிப்போனது. அக்டோபரில் கட்டணம் தொடங்கியது. முதலில் மீட்டர் அளவுப்படி என்றார்கள். ஊர் ஊராகப் பேரணி கிளம்பியதும் நவம்பரில் அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். தனியாள் வீட்டுக்கு ஆண்டுக்கு 160 யூரோ, இருவர் அல்லது அதற்கு மேல் 260 யூரோ, பதிவு செய்தவர்களுக்கெல்லாம் 100 யூரோ மானியம். கட்டணம் கட்டாதவரும் பதிவு செய்திருந்தால் மானியம் வாங்கலாம். வரம்பை எட்டிய பின் கொஞ்சம் செலவழித்தவருக்கும் வீணடித்தவருக்கும் ஒரே பில், கோடீஸ்வரனுக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் ஒரே பில். சிக்கனத்துக்கான கட்டணம் என்று சொல்ல அதன்பின் எந்த நியாயமும் மிஞ்சவில்லை. 2015 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டும், இந்த நிறுவனத்தின் செலவை அரசுக் கணக்குக்கு வெளியே வைக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. 2016 தேர்தலுக்குப் பின் கட்டணம் நிறுத்தப்பட்டது, 2017 சட்டத்தால் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பியது. அந்தச் சட்டத்தில் ஆண்டுக்கு 2,13,000 லிட்டருக்கு மேல் செலவழிக்கும் வீட்டுக்கு மிகைக் கட்டணம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதைத் தள்ளிவைத்துக்கொண்டே போகிறார்கள்.

முதல் வாதத்தின் ஓட்டை என்று சொன்னேனே, அது இங்கேதான். கட்டணம் ஒழிந்தால் தண்ணீருக்கான பணம் பொது வரியிலிருந்து தானாக வரும் என்று இயக்கம் பேசியது. பொது வரியிலிருந்து வருவது சரியான வழிதான். வருமான வரி வருமானத்தோடு சேர்ந்து ஏறுகிறது, கட்டணம் ஏறுவதில்லை. ஆனால் வருமா என்பதை ஒவ்வோர் ஆண்டும் நிதியமைச்சர் மேசையில் மருத்துவமனையோடும் பள்ளியோடும் மல்லுக்கட்டித்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் குழாய்க்காக யாரும் ஓட்டுப் போடுவதில்லை. விளைவு: 2014 வாக்கில் சுத்திகரித்து அனுப்பிய நீரில் ஏறத்தாழ பாதி வழியிலேயே கசிந்தது. விக்லோ கவுண்டியின் ஆர்க்லோ ஊரில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமே இல்லாமல், 2024 வரை வீட்டுச் சாக்கடை அப்படியே அவோக்கா ஆற்றில் கலந்தது. 2007இல் கால்வே நகரத்தில் கிரிப்டோஸ்போரிடியம் கிருமியால் மாதக்கணக்கில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள்.

இன்னொன்றும் டப்ளின் மேடைகளில் அதிகம் கேட்காதது. கிராமப்புறத்தில் 1960கள் முதல் குடும்பங்கள் சேர்ந்து தாங்களே கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை அமைத்துக்கொண்டன. குழாய் பதிக்கவும், மோட்டார் ஓட்டவும், பழுது பார்க்கவும் சந்தா கட்டினார்கள். சொந்தக் கிணறும் செப்டிக் டேங்கும் வைத்திருப்பவர் சேறு எடுக்கும் செலவு வரை தானே பார்க்கிறார். 'தண்ணீருக்கு ஏற்கெனவே வரி கட்டிவிட்டோம்' என்ற வாக்கியத்தை மோனஹன், மேயோ போன்ற கிராமப்புற மாவட்டங்களில் சொன்னால், நாங்களும் அதே வரியைத்தானே கட்டுகிறோம் என்று பதில் வரும். அந்தப் பதில் நியாயமானது.

இனி வீட்டு வரி. 2012இல் எல்லா வீட்டுக்கும் 100 யூரோ என்று ஒரே அளவுக் கட்டணம் போட்டார்கள். கெடு முடிந்தபோது ஏறத்தாழ பாதிப் பேர் கட்டவில்லை, ஹிக்கின்ஸும் அவர் தோழர்களும் நடத்திய புறக்கணிப்பு அவ்வளவு பலமாக இருந்தது. அரசு பாடம் கற்றது. 2013 ஜூலையில் வந்த உள்ளூர் சொத்து வரியைக் கவுன்சில்களிடம் கொடுக்காமல் வருவாய்த் துறையிடம் கொடுத்தது. கட்டாவிட்டால் சம்பளத்தில், ஓய்வூதியத்தில் நேராகப் பிடித்தம். புறக்கணிப்பு அதோடு முடிந்தது.

இந்த வரி வீட்டின் சந்தை மதிப்பைப் பொறுத்தது. இது சொத்தின் மீதான வரியே அல்ல, குடியிருக்கும் கூரையின் மீதான வரி என்றார்கள் எதிர்த்தவர்கள். அதில் ஒரு பாதி உண்மை. ஐந்து லட்சம் யூரோ வீட்டில் நாலரை லட்சம் வங்கிக் கடன் இருந்தாலும் முழு மதிப்புக்குத்தான் வரி. 2013இல் வீட்டு விலையைவிடக் கடன் அதிகமாக மாட்டிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அது ஆறாத கோபம். உண்மையான சொத்து வரி என்றால் பங்குகளையும் நிலத்தையும் கணக்கில் எடுத்து, கடனைக் கழிக்க வேண்டும். அதற்கு டாய்லில் சட்டம் வேண்டும்.

ஆனால் கவுன்சிலர் கையில் இருப்பது அதுவல்ல. 2015 முதல் கவுன்சில்கள் இந்த வரியைத் தங்கள் எல்லைக்குள் 15% வரை கூட்டலாம், குறைக்கலாம். 2026க்கான முடிவிலிருந்து கூட்டும் வரம்பு 25%. அயர்லாந்துக் கவுன்சிலருக்கு வீடுகளின் மேல் இருக்கும் ஒரே வரி அதிகாரம் இது. டப்ளினின் நான்கு கவுன்சில்களும் 2015க்கு 15% குறைத்தன. மாநகர சபை அதன்பின்னும் பல ஆண்டுகள் அப்படியே குறைத்துவந்தது. வலதுசாரி ஃபீன கேல் குறைக்கச் சொன்னது புரிகிறது. ஷின் ஃபேன் கட்சியும் இடதுசாரிகளும் அதே பக்கம் கை தூக்கினார்கள். லேபர், பசுமைக் கட்சி, சோஷியல் டெமாக்ரட்ஸ் பக்கமிருந்துதான் பின்னாளில் எதிர்ப்பு வந்தது.

2022 முதல் 2025 வரை இருந்த விகிதத்தில் கணக்குப் போடுங்கள். இரண்டு லட்சம் யூரோவுக்குள் உள்ள வீட்டுக்கு வரி 90 யூரோ. 15% குறைத்தால் மிச்சம் 13 யூரோ 50 சென்ட். இரண்டரை லட்சம் யூரோ வீட்டுக்கு வரி 225. மிச்சம் 33 யூரோ 75 சென்ட். பத்து லட்சம் யூரோ வீட்டுக்கு வரி 1,035. மிச்சம் 155 யூரோ 25 சென்ட். வாடகை வீட்டில் இருப்பவருக்கு மிச்சம் பூஜ்யம், ஏனென்றால் வரி கட்டுவது வீட்டுக்காரர். அவர் அந்தச் சலுகையை வாடகையில் கழித்துத் தருவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கவுன்சில் வீட்டில் குடியிருப்பவருக்கும் பூஜ்யம், அங்கே வீட்டுக்காரரே கவுன்சில். இப்படி விட்டுக்கொடுத்தது டப்ளின் மாநகரில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் யூரோ. நூலகம், பூங்கா, தெரு துப்புரவு, வீடற்றோர் சேவை, காலியாக நிற்கும் கவுன்சில் வீடுகளைச் சீரமைப்பது: எல்லாம் அந்தப் பையிலிருந்துதான். இவற்றை அதிகம் சார்ந்திருப்பவர் வாடகைக்கு இருப்பவர்.

இடதுசாரிக் கவுன்சிலர்கள் சொன்ன ஒரு குறை நியாயமானது. இந்த வரி வந்தபோது மத்திய அரசு தன் மானியத்தைச் சுருக்கிக்கொண்டது; வீட்டு வசதிக்கும் சாலைக்கும் வந்த பணத்துக்குப் பதிலாக இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றது. அதனால் டப்ளின்வாசிக்குக் கூடுதலாக எதுவும் கண்ணில் படவில்லை. அப்படியிருந்தும் 15% என்ற அந்தத் துண்டு கவுன்சிலுக்கே முழுதாகச் சேர்வது. அதைக் கைவிடுவது எந்த அமைச்சருக்கும் வலிக்கவில்லை.

குறைந்த வருமானக்காரரைக் காப்பாற்ற வேறு கருவி இருக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் உரக்கப் பேசவில்லை. ஆண்டு வருமானம் தனியாளுக்கு 18,000 யூரோவுக்கும் தம்பதிக்கு 30,000 யூரோவுக்கும் உட்பட்டால், வீட்டு வரியை முழுதாகத் தள்ளிவைக்கலாம் என்று 2022இல் வரம்பை உயர்த்தினார்கள்; 2025 வரை அதுதான் வரம்பு. தள்ளிவைத்த தொகைக்கு ஆண்டுக்கு 3% வட்டி. வீட்டை விற்கும்போதோ வாரிசுக்குப் போகும்போதோ வசூல். தானாகக் கிடைக்காது, வருவாய்த் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தனியாக வாழும் முதியவர்கள் பலர் அந்தப் படிவம் இருப்பதே தெரியாமல் சமூகநல ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துக் கட்டுகிறார்கள். அந்த வட்டியை ஒழிக்கப் போராடியிருந்தால் 13 யூரோ 50 சென்டைவிட எவ்வளவோ பெரிய உதவியாக இருந்திருக்கும்.

கவுன்சில்களிடம் நியாயமான விலை முறை ஒன்று நெடுங்காலமாகவே இருக்கிறது: கவுன்சில் வீட்டு வாடகை. அது வீட்டின் மதிப்பை வைத்து அல்ல, குடும்ப வருமானத்தை வைத்து. டப்ளின் மாநகரில் நெடுங்காலம் கணக்கிடத்தக்க வருமானத்தில் 15%. வேலை போனால் வாடகை இறங்கும், மீண்டும் கிடைத்தால் ஏறும். கோளாறு வருவது தகவலில்தான்: மகன் வேலைக்குச் சேர்ந்ததைச் சொல்ல மறந்த குடும்பத்துக்கு இரண்டு ஆண்டு கழித்துப் பழைய பாக்கி மொத்தமாக வந்து விழும். ஆயினும் சேவை பொதுக் கையில் இருக்கும்போது, விலையை வருமானத்தோடு கட்ட முடியும் என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை. குப்பைக்கும் இப்படிச் செய்திருக்கலாம். இன்று ஒரு தனியார் நிறுவனத்திடம் போய், இந்த வீட்டு வருமானத்தைப் பார்த்து பில் போடுங்கள் என்று எந்தக் கவுன்சிலரும் கேட்க முடியாது.

அயர்லாந்தில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு தகவல். செவிலியரோ மென்பொருள் பணியாளரோ, இந்தியக் குடியுரிமையோ இலங்கைக் குடியுரிமையோ வைத்திருந்தாலும், 18 வயது நிரம்பி அங்கே வசிப்பவருக்கு உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு உண்டு, வேட்பாளராகவும் நிற்கலாம். டாய்ல் தேர்தலுக்கு அது பொருந்தாது. பிபிஎஸ் எண் (அரசுச் சேவைகளுக்கான தனி எண்), பிறந்த தேதி, ஐயர்கோடு (அஞ்சல் குறியீடு) மூன்றையும் கொடுத்து இணையத்திலேயே வாக்காளர் பட்டியலில் சேரலாம். ஓட்டுச் சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போட வேண்டும். கடைசித் தேர்தல் 2024 ஜூனில் நடந்தது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். வீட்டு வரியைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்கும் முன் கவுன்சில் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். வழக்கமாகக் கோடையின் கடைசியில் அறிவிப்பு வரும், முடிவு அக்டோபர் நடுவுக்குள் வருவாய்த் துறைக்குப் போய்விடும். எழுத்தில் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், வாடகைக்காரரும் அனுப்பலாம். தலைமை நிர்வாகி தயாரிக்கும் அறிக்கையில் ஒவ்வொரு சதவீதமும் எத்தனை யூரோ என்ற அட்டவணை இருக்கும். அதைப் பார்த்து, இத்தனை சதவீதம் கூட்டி அந்தப் பணத்தை இந்தப் பகுதியில் பூட்டிக் கிடக்கும் இத்தனை கவுன்சில் வீடுகளைத் திறக்கச் செலவிடுங்கள் என்று தொகையும் இடமும் குறித்து எழுதுங்கள்.